களப்பணி: வயல் வேறு, களம் வேறு

"ஆயா, உங்க கம்யூனிட்டியோட சுற்றுச்சூழல் அறிவைப் பத்தித் தெரிஞ்சிக்கிட்டுப் போக வந்திருக்கோம்."

எண்ணூர் காட்டுக்குப்பத்தில் ஆற்றோரம் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் நிழலில் இறாலைப் பெருசு, பொடிசு என்று பிரித்துக்கொண்டிருந்த அம்மாள் தலை நிமிரவில்லை. "நாங்க எம்பிசிம்மா. சர்டிபிகேட்டு பெரியவன்கிட்ட கீது. இன்னாத்துக்கு?"

கூட வந்த பையன்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மாணவர்கள் கையில் இருந்த கேள்வித்தாளைத் தமிழாக்கிக் கொடுத்தவன் நான். தாளில் 'சமூகம்' என்று எழுதியிருந்தேன். அது கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்று கேள்வி கேட்ட மாணவி 'கம்யூனிட்டி' ஆக்கிக்கொண்டாள். 'சமூகம்' என்றே கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

அவர்கள் படிப்பின் பெயர் நீளமானது: கம்யூனிட்டி பேஸ்டு என்விரான்மென்டல் ஆந்த்ரோபாலஜி. ஒரு நிலத்தையும் நீரையும் நம்பிப் பிழைக்கிறவர்கள் அதை எப்படிப் புரிந்துவைத்திருக்கிறார்கள், எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், அது கெடும்போது என்ன செய்கிறார்கள் என்பதை அவர்களோடு சேர்ந்தே படிப்பது. படிப்பின் முக்கால் பங்கு ஃபீல்டு ஒர்க், தமிழில் களப்பணி. எல்லாரும் ஒப்புக்கொண்ட சொல்தான். ஆனால் அதற்குள் ஒரு சின்னப் பிசகு இருக்கிறது, அது நமக்குச் சாதகமான பிசகு.

ஃபீல்டு என்பது பழைய ஆங்கிலத்தில் 'ஃபெல்ட்'. காட்டுக்கு எதிர்ப்பதமான திறந்த வெளி, பிறகு உழுத நிலம். ராணுவத்தில் 'ஃபீல்டு ஒர்க்' என்றால் சண்டைக்கு அவசரமாக எழுப்பும் மண்அரண். மானிடவியலுக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் என்று ஆல்ஃபிரட் ஹேடனைச் சொல்வார்கள். அவர் அடிப்படையில் விலங்கியல்காரர். 1888இல் பவளப்பாறைகளைப் படிக்க, ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவில் உள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போனார். போன இடத்தில் பாறையைவிட அங்கிருந்த மனிதர்கள் அவரை இழுத்துக்கொண்டார்கள். 1898இல் ஒரு குழுவையே கூட்டிக்கொண்டு திரும்பப் போனார். செடியையும் பூச்சியையும் அவை வாழும் இடத்துக்கே போய்ப் பார்க்கிறவர்கள் வைத்திருந்த சொல், அப்படித்தான் மனிதர்களைப் போய்ப் பார்ப்பதற்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

அதே காலத்தில் நம் ஊரில் நடந்தது வேறு. 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ஊர் ஊராகப் போனது போக, அருங்காட்சியகத்தை வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் விடாமல் தலையும் மூக்கும் அளந்து குறித்துக்கொண்டார். அளவெடுக்கப்பட்டவருக்கு அந்தக் குறிப்பால் என்ன பயன்? ஒன்றுமில்லை.

இப்போது களத்துக்கு வருவோம். வயல், கழனி, புலம் என்று விளைநிலத்துக்குத் தமிழில் சொல் பஞ்சமில்லை. ஃபீல்டுக்கு நேர்ச்சொல் அவைதான். களம் விளைநிலம் அல்ல. அறுத்த கதிர் வந்து சேரும் இடம். அங்கேதான் அடிப்பார்கள், தூற்றுவார்கள், பதர் பிரியும், நெல் குவியும். அப்புறம் அளப்பார்கள். அறுத்தவர் கூலி, தச்சர் பங்கு, கொல்லர் பங்கு, வண்ணார் பங்கு எல்லாம் களத்திலேயே அளந்து போட்ட பிறகுதான் மீதி வீட்டுக்குப் போகும். (மரக்காலில் நியாயம் இருந்ததா என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை.) போருக்கும் இதே சொல்தான். தொல்காப்பியம் வெற்றியைப் பாடும் வாகைத் திணையில் ஏரோர் களவழியையும் (உழவர் நெற்களம்) தேரோர் களவழியையும் (வீரர் போர்க்களம்) அடுத்தடுத்து வைக்கிறது.

மூன்றாவது பொருள் ஒன்று உண்டு, பலரும் மறந்தது: அவை. 'உளரெனினும் இல்லாரொடு ஒப்பர் களன்அஞ்சிக் கற்ற செலச்சொல்லா தார்' என்பது 730ஆவது குறள். களனுக்கு அஞ்சி, கற்றதைக் கேட்பவர் மனத்தில் ஏறும்படி சொல்லத் தெரியாதவர் உயிரோடு இருந்தும் இல்லாதவர் மாதிரி. இங்கே களன் என்றால் கேட்பவர் கூடியிருக்கும் சபை.

ஆக, ஃபீல்டு என்று நினைத்துப் போகிறவன் வயலுக்குப் போகிறான், அறுத்துக்கொண்டு வருகிறான். களம் என்று நினைத்துப் போகிறவன் அடித்துத் தூற்றி, அவரவர் பங்கை அங்கேயே அளந்து கொடுத்து, தான் கற்றதை அந்தச் சபையில் சொல்லிவிட்டு வரவேண்டும். மொழிபெயர்த்தவர்கள் இத்தனையையும் யோசித்துத்தான் களப்பணி என்று வைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வந்து விழுந்த சொல், நன்றாக விழுந்திருக்கிறது. ஒரு குறை உண்டு. வடசென்னையில் களப்பணி என்றால் முதலில் நினைவுக்கு வருவது பூத் ஸ்லிப் கொடுக்கும் கட்சிக்காரர்தான். குழப்பம் வேண்டாம் என்றால் 'கள ஆய்வு' எனலாம். எனக்கென்னவோ ஆய்வைவிடப் பணி பிடித்திருக்கிறது.

மற்ற சொற்களைச் சட்டென்று முடித்துவிடலாம். மானிடவியலில் உள்ள மானிடம் வடமொழி வழி வந்தது. தனித்தமிழ் வேண்டுவோர் மாந்தவியல் என்பார்கள். என்விரான்மென்ட், 'சுற்றி' என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நாம் சுற்றும் போட்டு, சூழலும் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறோம். சூழல் போதும்.

வம்பு பிடித்தது கம்யூனிட்டிதான். மூலத்தில் அது 'பொதுவானது' என்று பொருள்படும் லத்தீன் சொல். தாலுகா ஆபீசில் கம்யூனிட்டி சர்டிபிகேட் என்றால் சாதிச் சான்றிதழ். 'எங்க சமூகத்து ஆளு' என்றாலும் சாதிதான். அந்த அம்மாள் சொன்னதில் தப்பே இல்லை. குப்பத்தில் இதற்கென்று புழங்கும் சொல் 'ஊர்'. ஊர் கூடிப் பேசும், ஊர் வரி போடும், ஊர் சொன்னால் அன்று கடலுக்குப் போக மாட்டார்கள். ஆகவே, ஊர்வழிச் சூழல் மானிடவியல். இது என் பரிந்துரை. ஆனால் ஊரும் பழுதில்லாத சொல் அல்ல. ஊர் என்றாலே ஊருக்கு வெளியே சேரி என்று ஒன்று நினைவுக்கு வரும். மீனவர் பஞ்சாயத்தில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளருக்கு அங்கே இடமில்லை. ஊர் என்று எழுதுகிறவர் யாருடைய ஊர் என்றும் சேர்த்து எழுதத்தான் வேண்டும்.

சொல் தெரியாமல் களத்துக்குப் போனால் கண்ணுக்கு முன்னால் இருப்பதுகூடத் தெரியாது. பழவேற்காட்டு ஏரியைப் பார்க்கிற வெளியாள் 'திறந்த நீர்ப்பரப்பு' என்று எழுதிவிட்டுப் போவார். அந்த நீரின் மேல் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. எந்த இடத்தில், யார், எந்த நாளில் வலை கட்டுவது என்பது முறைவைத்துச் சுழலும். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. பாடு என்றால் இடம், முறை, உழைப்பு, கிடைத்த மீன், படுகிற கஷ்டம் எல்லாமும்தான். இதை ஒற்றைச் சொல்லில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக எனக்குத் தெரியவில்லை. பாடு என்றே விட்டுவிடுவது உத்தமம்.

எண்ணூரில் இப்போது புழங்கும் இன்னொரு சொல் காக்கா ஆழி. அமெரிக்கக் கண்டத்துக் கடற்கரைகளைச் சேர்ந்த கறுப்புச் சிப்பி, மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்பது அறிவியல் பெயர். ஆற்றின் அடியில் பாய் விரித்த மாதிரி படர்ந்து, இறால் ஒதுங்கும் சேற்றை மூடிவிடுகிறது. சேற்றில் கை வைக்கிறவர்களுக்குத்தான் இது முதலில் தட்டுப்படும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆறு மேடாகிப்போனதும் அப்படித்தான் தெரியவந்தது. படகு தரை தட்டியது.

இந்தப் படிப்பு சோறு போடுமா என்று அந்தப் பையன்களின் வீட்டில் கேட்கிறார்களாம். போடும், ஆனால் புராஜெக்ட் முடிகிறவரைதான். வேலையின் பெயர் பெரும்பாலும் ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர். 2013 நிலம் எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு கேட்கிறது, அதற்கு ஆள் வேண்டும். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி நடக்கும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும், அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருக்கவேண்டும். எனக்குப் பிழைப்பு தருவது அந்தச் சுருக்கங்கள்தான். அவற்றில் ஊர்க்காரர் சொல் ஒன்றுகூட இராது. கழிமுகம் என்று இருக்கும், ஆறு என்று இராது. படித்துப் பார்க்கிற மீனவர் அது வேறு எங்கோ உள்ள இடம் என்று நினைத்துக்கொண்டால் ஆச்சரியமில்லை. இந்தப் பிள்ளைகள் நாலு பேர் அங்கே வேலைக்குப் போனால் அதுவாவது மாறும்.

கேள்வித்தாளைத் திருத்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் அதே படகு நிழல், அதே அம்மாள். "ஆயா, இந்த ஆத்துல முன்ன இன்னா இன்னா கெடைக்கும்?" என்று அந்த மாணவி கேட்டதும் கை நின்றது. மடவை, கொடுவா, கெழங்கா, பச்சை நண்டு, வெள்ளை இறால் என்று ஆரம்பித்து, எந்த மாசம் எந்தப் பக்கம் என்பது வரைக்கும் போனார். முக்கால் மணி நேரம். எழுந்திருக்கும்போது நோட்டைக் காட்டி, "எழுதுனத படி" என்றார். இவள் படித்தாள். பாதியில் நிறுத்தினார்.

"மட்டி இல்ல கண்ணு. ஆழின்னு எழுது."