நெல் மூடைக் கணக்கும் பழுதான ஹார்ட் டிஸ்க்கும்

காலபோக வயல்களை ட்ரோனால் படம் பிடித்து ஆராயும் மாணவருக்கு ஒரு போகத்திலேயே நூற்றுக்கணக்கான ஜிகாபைட் சேர்ந்துவிடும். அது பெரும்பாலும் மேசை லாச்சியில் கிடக்கும் ஒற்றை ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கும். என்னுடையது ஒருநாள் கைதவறி விழுந்து 'டிக், டிக்' என்று சத்தம் போட்டது. இரண்டு போகத்து அளவீடுகள் அதோடு போயின.

ஆளுக்கொரு டிஸ்க் வாங்கும் காசைச் சேர்த்து எல்லோருக்கும் பொதுவாக ஒரு சேமிப்பகம் அமைக்கலாம். மலிவான டிஸ்க்குகளை அடுக்கியே நம்பகமான சேமிப்பைப் பெறலாம் என்று 1988இல் பெர்க்லியில் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதினார்கள். 'ரெய்ட்' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. டிஸ்க் பழுதாகத்தான் போகிறது என்று முதலே ஒப்புக்கொண்டு தொடங்கும் முறை இது.

எப்படி? மூன்று வயல்களில் 7, 4, 9 மூடை நெல். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கொப்பியில் எழுதி, நாலாவது கொப்பியில் கூட்டுத்தொகை 20 என்று குறிக்கிறோம். இரண்டாவது கொப்பி தொலைந்தாலும் 20இல் 7ஐயும் 9ஐயும் கழித்தால் 4 வந்துவிடும்.

இரண்டு கொப்பிகள் தொலைந்தால்? ஐந்தாவது கொப்பி ஒன்று வேண்டும். அதில் முதல் எண்ணை 1ஆலும், அடுத்ததை 2ஆலும், மூன்றாவதை 3ஆலும் பெருக்கிக் கூட்டி, 7+8+27=42 என்று எழுதுகிறோம். இப்போது 4ம் 9ம் காணாமற்போனாலும் இரண்டு தெரியாக்கணியங்களுக்கு இரண்டு சமன்பாடுகள் கையில் இருக்கின்றன. சாதாரண தரத்தில் 'இது எதுக்கு, சேர்?' என்று கேட்டபடி படித்த அதே ஒருங்கமை சமன்பாடுகள்தான். கணினி இதை 0, 1 என்ற பிட்டுகளில் செய்கிறது: முதற்கணக்குக்கு ஒற்றை இரட்டை பார்த்தால் போதும், இரண்டாவதற்கு 1960இல் ரீட், சாலமன் இருவரும் தந்த கணிதம் உதவுகிறது.

மலிவு இங்கேதான் பிறக்கிறது. 8 டெராபைட் டிஸ்க் ஆறு இருந்தால் மொத்தம் 48. எதையும் மூன்று பிரதி வைத்தால் 16தான் மிஞ்சும். மேற்சொன்ன கணக்கில் இரண்டு டிஸ்க் அளவு இடம்தான் கூட்டுத்தொகைகளுக்குப் போகும், 32 கிடைக்கும். இரண்டு வழியிலும் எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தரவு தப்பும். இதைச் செய்யும் இசட்எஃப்எஸ் போன்ற மென்பொருளுக்குக் காசும் இல்லை. ஓசையில்லாமல் கெட்டுப்போன பிட்டுகளையும் அது கண்டுபிடித்துத் திருத்தும். மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ்ஸுக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது. இலங்கையில் 2022இன் மின்வெட்டை நாம் மறக்கவில்லையே.

ஆனால் இந்தக் கணக்கு அழிப்புக்கு எதிராக எதுவும் செய்யாது. கோப்பை அழி என்றால் எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக அழித்துவிடும். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீகணினியில் பிரதியெடுக்கும் நிரலொன்று பிழையாக இயங்கி 77 டெராபைட் அழிந்தது. ஆகவே வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி வேண்டும்.

வன்னியில் அதற்குத் தோதான இரண்டு இடங்கள் உண்டு: பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள். ஒருவர் தரவை மற்றவர் வைத்திருக்கலாம். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் 8 டெராபைட் போய்ச்சேர ஏழு நாளுக்கு மேலாகும். முதற்பிரதியை ஏ9 வீதி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பிறகு அன்றன்றைய மாற்றங்களை மட்டும் இரவில் அனுப்பினால் போதும்.