ஒரு சுற்றுக்கு எத்தனை கண்ணி கூட்டுவது?

கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷே பழகத் தொடங்கிய எவருக்கும் இந்த அனுபவம் இருக்கும். மேசை விரிப்புக்கென்று வட்டமாகப் பின்ன ஆரம்பித்தது, ஐந்தாறு சுற்றுக்குள் தொப்பியாகக் குவிந்துவிடும். இல்லையென்றால் ஓரம் பாவாடைக் கொசுவம் போல அலையலையாக எழும்பும். கை இன்னும் படியவில்லை என்று நொந்துகொள்வார்கள். கையில் குறையில்லை; கணக்கில்தான் இருக்கிறது விஷயம். அந்தக் கணக்கு பிடிபட்ட நாளிலிருந்துதான், பிறர் எழுதிய பேட்டர்னைப் பார்த்துப் பின்னுகிறவர் சொந்தமாக வடிவமைக்கத் தொடங்குகிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

அடிப்படைப் பின்னலான சிங்கிள் குரோஷே கண்ணியை உற்றுப் பார்த்தால் அது கிட்டத்தட்ட ஒரு சதுரம். ஒரு சுற்று முடிந்ததும் வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணியின் உயரம் கூடுகிறது. ஆரம் எவ்வளவு கூடுகிறதோ அதைப் போல் 2π மடங்கு, அதாவது ஏறத்தாழ 6.28 மடங்கு, சுற்றளவும் கூடினால்தான் துணி தட்டையாகக் கிடக்கும். உயரமும் அகலமும் சமமாக இருப்பதால், சுற்றுக்கு 6 கண்ணி கூட்ட வேண்டும்: 6, 12, 18, 24 என்று போகும். மிச்சமுள்ள 0.28-ஐ நூலின் நெகிழ்ச்சி ஏற்றுக்கொள்ளும். இதில் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது ஒன்று உண்டு. வட்டம் நாணயம் அளவு இருந்தாலும் கூடத்துத் தரையை அடைக்கும் விரிப்பாக இருந்தாலும், கூட்ட வேண்டியது அதே ஆறுதான்.

டபுள் குரோஷே கண்ணி, அகலத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரம். ஆகவே அங்கே சுற்றுக்கு 12. (இவை அமெரிக்கப் பெயர்கள். அமெரிக்கர்களின் சிங்கிளை பிரிட்டிஷ் பேட்டர்ன்கள் டபுள் என்று குறிக்கும். குறிப்பு எந்த ஊர் முறையில் எழுதப்பட்டது என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.)

உங்கள் கைக்கும் உங்கள் நூலுக்கும் உரிய எண்ணை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். 10 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கள். குறுக்கே 20 கண்ணி, நெடுக்கே 22 வரிசை வந்தால், கண்ணியின் அகலம் அரை சென்டிமீட்டர். உயரம் சுமார் 0.45. உயரத்தை அகலத்தால் வகுத்து 6.28-ஆல் பெருக்கினால் 5.7 வருகிறது. ஆறு போட்டால் சரியாக அமையும். இந்தத் துண்டைப் பின்னப் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை. ஆனால் வடிவமைப்பு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் வட்டம் வட்டமாக வந்துவிடாது. நான்காம் சுற்றை எடுத்துக்கொள்வோம். கையில் 18 கண்ணி. 24 ஆக்க வேண்டும். இரண்டு சாதாரணக் கண்ணி, மூன்றாவது கண்ணிக்குள் இரண்டு என்று ஆறு முறை பின்னினால் கணக்கு முடிந்தது. அடுத்த சுற்றிலும் அதே நேர்க்கோட்டில் கூட்டினால், அந்த ஆறு இடங்களும் மூலைகளாகத் துருத்திக்கொண்டு அறுகோணம் கிடைக்கும். அறுகோணம்தான் வேண்டுமென்றால் அப்படியே விடலாம். வட்டம் வேண்டுமென்றால், ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் கூட்டும் இடத்தை நடுவுக்குத் தள்ள வேண்டும்: ஒரு சாதாரணக் கண்ணி, அடுத்ததில் இரண்டு, மறுபடி ஒரு சாதாரணக் கண்ணி. மொத்தம் அதே 24தான். ஆனால் எந்த மூலையும் தலைதூக்காது.

பந்து இன்னும் சுவையானது. நடுச்சுற்றில் 36 கண்ணி உள்ள ஒரு கோளம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். துருவத்திலிருந்து நடுக்கோட்டுக்கு 90 பாகை. சதுரக் கண்ணிகளாக இருந்தால் அது சரியாக 9 சுற்று. ஒவ்வொரு சுற்றும் 10 பாகை. பள்ளியில் படித்த சைன் அட்டவணையை எடுத்து 36-ஆல் பெருக்கினால் 6, 12, 18, 23, 28, 31, 34, 35, 36 என்று வருகிறது. பிறகு அதே எண்கள் தலைகீழாக இறங்கும். மொத்தம் 17 சுற்று. பொம்மை பின்னுகிறவர்கள் வழக்கமாக 6, 12, 18, 24, 30, 36 என்று ஏறி, சில சுற்றுகள் மாறாமல் ஓட்டி, ஆறாறாக இறங்குவார்கள். அதுவும் 17 சுற்றுதான். இந்தக் கணக்குப்படி துருவங்கள் சற்றுத் தட்டையாக வந்தாலும், உள்ளே அடைக்கும் பஞ்சு அதை உருண்டையாக்கிவிடும். பஞ்சில்லாமல் வடிவம் நிற்க வேண்டும் என்றால் சைன் வழிதான் சிறந்தது.

குரோஷேயில் இவ்வளவு சுதந்திரம் எப்படிக் கிடைக்கிறது? ஒவ்வொரு கண்ணியும் அந்தந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. கொக்கி ஊசியில் எந்நேரமும் ஒரே ஒரு வளையம்தான் மிச்சம். இரண்டு ஊசிகளால் பின்னும் நிட்டிங்கில் ஒரு வரிசை முழுவதும் ஊசியில் திறந்தபடி காத்திருக்கும். லாட்வியாவில் பிறந்த கணிதவியலாளர் டைனா தைமினா இந்த வேறுபாட்டை நேரிலேயே கண்டார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதிபரவளைய வடிவியலை (எங்கும் சேணம் போல வளைந்த பரப்பின் வடிவியலை) கற்பிக்க, கணிதவியலாளர் வில்லியம் தர்ஸ்டனின் யோசனைப்படி காகிதத்தில் செய்த மாதிரிகள் இருந்தன, தொட்டால் கிழிந்தன. 1997-இல் தைமினா அதையே நூலில் செய்ய முனைந்தார். நிட்டிங்கில் கண்ணிகள் ஊசி கொள்ளாமல் பெருகின. குரோஷே கைகொடுத்தது.

அவருடைய விதி எளிமையானது. சுற்றுக்கு இத்தனை என்று கூட்டுவதை விட்டுவிட்டு, இத்தனை கண்ணிக்கு ஒன்று என்று கூட்டினார். முன்னது கூட்டல், பின்னது பெருக்கல். ஐந்துக்கு ஒன்று என்றால் வரிசைதோறும் 1.2 மடங்கு. 20 கண்ணியில் தொடங்கினால் பத்து வரிசையில் ஏறக்குறைய 124. இருபது வரிசையில் 767. இவ்வளவு ஓரத்துக்குத் தட்டையாகப் படுக்க இடமேது? மடிந்து மடிந்து எழுகிறது. அந்தப் பரப்பில் ஒரு கோட்டையும், அதற்கு வெளியே ஒரு புள்ளியையும் நூலால் தைத்துக் குறித்தால், அந்தப் புள்ளி வழியாக முதல் கோட்டைத் தொடாத கோடுகள் பல போவதை விரலால் தடவிப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர்கள் போயாயும் லோபசெவ்ஸ்கியும் எழுத்தில் நிறுவிய வடிவியல் இது.

2005-இல் லாஸ் ஏஞ்சலிசில் மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தைம் சகோதரிகள் இதே விதியைக் கொண்டு பவளப்பாறைகளைப் பின்னத் தொடங்கினார்கள். விதி பிசகாமல் பின்னியபோது எல்லாம் ஒரே சாயலில் வந்தன. விதியைக் கொஞ்சம் மீறியதும்தான் பவளத்தின் பலவகை உருவங்கள் கிளம்பின. நீங்களும் செய்து பாருங்கள். ஐந்துக்கு ஒன்றுக்குப் பதில் மூன்றுக்கு ஒன்று கூட்டினால் மடிப்புகள் நெருங்கி இறுகும். பத்துக்கு ஒன்று என்றால் அகன்ற, சோம்பலான அலைகள். உள்ளே தட்டையாக விட்டுக் கடைசி இரண்டு சுற்றில் மட்டும் கண்ணிகளை இரட்டிப்பாக்கினால் ஓரம் மட்டும் சுருளும். நான்கைந்து சுற்று எதுவும் கூட்டாமல் குழாயாக ஓட்டிவிட்டுப் பிறகு கூட்டத் தொடங்கினால் காம்பின் மேல் விரிந்த பூ கிடைக்கும். எந்தச் சுற்றில், எந்த இடத்தில், எத்தனை என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புதான் உங்கள் சொந்த பேட்டர்ன்.