கராத்தே: ‘சீனக்கை’ வெறுங்கை ஆன விதம்

கராத்தேயில் வரும் ‘கர’ நம் ‘கரம்’தான், கை என்ற பொருளில் இங்கிருந்து ஜப்பானுக்குப் போன சொல் என்று ஒரு விளக்கம் நெடுநாளாக உலவுகிறது. காதுக்கு இனிமைதான், ஆனால் தவறு. அச்சொல்லில் கையைக் குறிப்பது பின்பாதியான ‘தே’. முன்பாதி ‘கர’வுக்கு வெறுமை, காலி என்று பொருள். இதே ‘கர’ நமக்குப் பழகிய இன்னொரு சொல்லிலும் இருக்கிறது: கரோக்கி. ஆர்கெஸ்ட்ராவைக் குறிக்கும் ஜப்பானிய வழக்கின் தலைப்பகுதி ‘ஒகெ’. ‘கர ஒகெ’ என்றால் வாத்தியக்காரர் யாரும் இல்லாத ஆர்கெஸ்ட்ரா. அதுபோல ‘கர தே’ என்றால் ஆயுதம் எதுவும் இல்லாத கை.

ஒலிப்பையும் பார்த்துவிடலாம். ஜப்பானியர் இதை மூன்று குறிலாக, எந்த அசையையும் அழுத்தாமல் ‘க-ர-தெ’ என்பார்கள். நடுவில் வரும் ‘ரா’ நெடில் ஆங்கில வாய்வழி வந்தது. ஒற்றை ‘த’ தமிழில் உயிர்களுக்கு நடுவே மெலிந்துவிடும் என்பதால் ‘த்’ சேர்க்கிறோம். சொல்லின் கடைசியில் எகரக் குறில் நமக்கு ஒட்டாது என்பதால் ‘தே’ என்று நீட்டுகிறோம். ஆக, ‘கராத்தே’ முறையாகவே தமிழாகிவிட்ட சொல். வேடிக்கை என்னவென்றால், இங்கே ‘த்த’ போட்ட நாமே பயிற்சி வரிசையைக் குறிக்கும் ‘கத’வைக் ‘கட்டா’ என்கிறோம். ஜப்பானியத்தில் இரண்டுக்கும் ஒரே தகரம்தான்.

‘வெறுங்கை’ என்ற பொருள் இச்சொல்லுக்குத் தொடக்கத்திலேயே இருந்ததல்ல. ஒகினாவாத் தீவில் இந்தக் கலைக்குப் பழைய பெயர் ‘தீ’, அதாவது கை. சீனத் தொடர்பு உள்ளது என்பதால் ‘தோதீ’ என்றும் வழங்கியது. அதை எழுதிய இரண்டு எழுத்துகளில் முதலாவது சீனத்துத் தாங் பேரரசைக் குறிப்பது. நாம் சீனவெடி, சீனப்பட்டு என்பதுபோல அது ‘சீனக்கை’. அந்தத் தாங் எழுத்துக்கு ஜப்பானியத்தில் இன்னொரு வாசிப்பும் உண்டு: ‘கர’. வெறுமையைக் குறிக்கும் எழுத்துக்கும் அதே ‘கர’ என்ற வாசிப்பு உண்டு. ஒலி ஒன்று, எழுத்து இரண்டு. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தால் கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது, படிப்பவருக்கு மட்டுமே தெரியும். பெயர் மாறியது இந்த இடுக்கு வழியாகத்தான்.

மாற்றிய பெருமை பெரும்பாலும் புனகோஷி கிச்சின் கணக்கில் எழுதப்படுகிறது. 1868இல் ஒகினாவாவின் ஷூரி நகரில் பிறந்தவர், தொழிலால் பள்ளி ஆசிரியர். கலையைக் கற்றது அசாத்தோ அன்கோ, இத்தோசு அன்கோ என்ற இரு ஆசான்களிடம். 1922இல் தோக்கியோவில் நடந்த உடற்பயிற்சிக் கண்காட்சிக்குச் செயல்விளக்கம் காட்டப் போனவர், ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோவின் பயிற்சிக்களமான கோதோகனிலும் செய்துகாட்டினார். அங்கேயே தங்கிவிட்டார். அப்போது வயது 50ஐத் தாண்டியிருந்தது. ஒகினாவா மாணவர் விடுதி ஒன்றில் காவல், தோட்டவேலை என்று பார்த்துக்கொண்டே வகுப்பு எடுத்தார்.

அவருடைய நூல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எழுத்து மாறுவது கண்ணுக்கே தெரியும். 1922இல் வந்த முதல் நூலின் தலைப்பில் தாங் எழுத்து. 1935இல் வந்த ‘கராத்தே தோ க்யோஹன்’ நூலின் தலைப்பில் வெறுமை எழுத்து. இடையில், 1920களின் இறுதியில், கெயோ பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்ற குழு புதிய எழுத்துக்கு மாறியிருந்தது. ஆனால் முதலில் எழுதியவர் அவர் அல்ல. இத்தோசுவின் மற்றொரு மாணவர் ஹனஷிரோ சோமோ 1905ஆம் ஆண்டிலேயே வெறுமை எழுத்தைக் கையாண்டிருக்கிறார். புனகோஷி செய்தது அதற்கு ஒரு தத்துவத்தைக் கொடுத்து நாடு முழுக்க நிலைநிறுத்தியது.

அவர் சொன்ன காரணம் இரண்டு அடுக்கு. மேலடுக்கு எளிது: ஆயுதம் இல்லாத கை. உள்ளடுக்கு பௌத்தம்: ‘உருவமே வெறுமை, வெறுமையே உருவம்’ என்ற பிரஜ்ஞாபாரமித இருதய சூத்திர வரி. அந்த ‘வெறுமை’ வடமொழியில் சூன்யதை. அரசியல் காரணமும் இல்லாமலில்லை. 1930களின் ஜப்பானில் சீனப் பெயரைச் சுமந்த ஒரு போர்க்கலை பரவுவது கடினம். ஒகினாவாவில் முணுமுணுப்பு எழுந்தது. 1936 அக்டோபர் 25 அன்று நாஹா நகரில் கூடிய ஆசான்கள் புதிய எழுத்தையே ஏற்றார்கள். அந்த நாளைத்தான் ஒகினாவா மாகாணப் பேரவை 2005இல் கராத்தே நாள் என்று அறிவித்தது.

பயிற்சி வரிசைகளின் பெயர்களிலும் புனகோஷி கைவைத்தார். இத்தோசு அமைத்த ஐந்து ‘பினான்’ வரிசைகளை ‘ஹெயான்’ ஆக்கினார். கராத்தேயில் ஒலி நின்றது, எழுத்து மாறியது. இங்கே எழுத்து நின்றது, ஒலி மாறியது. குசன்கு என்ற சீனரின் பெயரால் வழங்கிய வரிசைக்குக் ‘கன்கு’ என்று வைத்தார். வானை நோக்கல் என்று பொருள். வானத்தையும் வெறுமையையும் குறிப்பது ஒரே எழுத்து, ‘கராத்தே’வின் முதல் எழுத்தேதான்.

கன்குவின் தொடக்க அசைவில் இந்தப் பொருளைக் கையிலேயே பார்க்கலாம். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, கட்டைவிரல் நுனிகளும் ஆள்காட்டி விரல் நுனிகளும் தொட, நடுவில் ஒரு முக்கோண இடைவெளி வரும்படி வயிற்றுக்குக் கீழே வைக்க வேண்டும். அப்படியே மெல்ல நெற்றிக்கு மேல் உயர்த்தி, அந்த இடைவெளி வழியே வானத்தைப் பார்க்க வேண்டும். பிறகு கைகள் பிரிந்து, பக்கவாட்டில் பெரிய வட்டமிட்டு இறங்கி, ஒரு கையின் விளிம்பு மறு உள்ளங்கையில் வந்து அமரும். புதிதாகச் செய்பவர்கள் தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். கையோடு சேர்ந்து தோளும் ஏறிவிடும். ஏறினால் மூச்சு நெஞ்சிலேயே நிற்கும், அடுத்த வீச்சுக்கு இடுப்பின் பலம் வராது. கண் கைக்கு முந்திவிடும். வட்டத்தை அவசரமாக இறக்கி, முழங்கையை மடக்கிச் சிறிதாக்கிவிடுவார்கள்.

இனித் தமிழ் நேர்ச்சொல். வெறுமை + கை, ‘மை’ ஈறு கெட்டு, இனமெல்லெழுத்து மிகுந்து ‘வெறுங்கை’. பொருளில் இதைவிட நெருக்கம் கிடையாது. இடைஞ்சல் நம் வழக்கில் இருக்கிறது. ‘வெறுங்கை முழம் போடுமா’ என்று கேட்கும் ஊர் நம்முடையது. விருந்துக்கு வெறுங்கையோடு போகக் கூசுவோம். வெறுங்கை என்றால் நமக்கு இல்லாமைதான் முதலில் நினைவுக்கு வரும். அதனால் தனியாக விடாமல் இன்னொரு சொல்லோடு கோத்து ‘வெறுங்கைக் கலை’ என்பதே சரி. பௌத்தப் பொருளைக் காட்டுகிறேன் என்று ‘சூனியக்கை’ என்று மட்டும் போட்டுவிடக் கூடாது. படிப்பவர் எலுமிச்சம்பழத்தையும் குங்குமத்தையும் தேடுவார்.

புனகோஷியின் நூல் தலைப்பில் கண்ட ‘தோ’வைப் பலர் ‘வழி’ என்று மொழிபெயர்க்கிறார்கள். பிழையில்லை, ஆனால் ‘நெறி’ இன்னும் பொருந்தும். நெறிக்கும் பாதை, ஒழுகும் முறை என்று இரண்டு பொருளும் உண்டு, ‘தோ’வுக்கும் அப்படியே. கராத்தே தோ: வெறுங்கை நெறி. ‘கட்டா’வுக்குப் ‘படிவம்’ என்று எழுதுவது அலுவலக விண்ணப்பத்தைத்தான் நினைவூட்டுகிறது. குத்துவரிசை, பிடிவரிசை என்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ‘வரிசை’ போதும். ‘சென்செய்’க்குச் சொல்லுக்குச் சொல் ‘முன் பிறந்தவர்’. சிலம்பக்காரர்கள் சொல்லும் ‘ஆசான்’ அங்கே அழகாக உட்காரும். ‘தோஜோ’வுக்குப் பயிற்சிக்களம். இருவர் எதிரெதிர் நின்று மோதும் ‘குமித்தே’வில்தான் சிக்கல். ‘குமி’ என்பது பிணைதல், ‘தே’ என்பது கை. நேராகத் தமிழாக்கினால் ‘கைகலப்பு’ வருகிறது. அப்படி எழுதினால் வகுப்புக்குப் பதில் காவல் நிலையம் கண்முன் வரும். ‘எதிர்ப்பயிற்சி’ என்று எழுதலாம்.

பொதுப் பேச்சிலும் செய்தியிலும் ‘கராத்தே’யை மாற்ற வேண்டியதில்லை, அது ஊன்றிவிட்டது. பாடநூலிலும் கலைச்சொல் பட்டியலிலும் முதல் இடத்தில் ‘கராத்தே (வெறுங்கைக் கலை)’ என்று ஒருமுறை தந்துவிட்டுப் பிறகு கராத்தே என்றே தொடரலாம். ‘கராத்தே கை’ என்று எழுதும்போது மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். அதில் கை இரண்டு தடவை வந்துவிடுகிறது.