பேட்டர் பாடகர் என்பதற்குத் தமிழ்: முடுகுப் பாடகர்

ஓபரெட்டா என்னும் நகைச்சுவை இசைநாடகத்தில், ஓர் அசைக்கு ஒரு சுரமாகச் சொற்களைக் கொட்டிப் பாடும் வேடத்தார் ‘பேட்டர்’ பாடகர். ‘பாட்டர் நாஸ்டர்’ என்று தொடங்கும் ‘எங்கள் தந்தையே’ என்ற இலத்தீன் செபமே சொல்லின் வேர். செபத்தை மளமளவென்று முணுமுணுப்பதைக் குறித்த சொல், பின்னர் எல்லா விரைந்த பேச்சுக்கும் ஆகிவந்தது.

பாடல் வரிகளை எழுதிய கில்பர்ட், இசையமைத்த சல்லிவன் என்னும் ஆங்கிலேயர் இருவரின் இசைநாடகங்களில் இந்த வேடத்துக்கு இலக்கணம் வகுத்தவர் ஜார்ஜ் கிராஸ்மித். நீதிமன்றச் செய்தியாளராக இருந்தவர். பியானோ வாசித்தபடி நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தியவர். 1877 முதல் 1889 வரை ஒன்பது முதன்மை வேடங்களை ஏற்றார். பெருங்குரல் அவருக்கு இல்லை. அவரிடம் இருந்தது தெளிந்த உச்சரிப்பு. 1887 இல் அவர் நோயுற்றபோது மாற்றாக மேடையேறிய ஹென்றி லிட்டன், பின்னாளில் அதே வேடங்களை ஏற்று 1934 வரை பாடினார்.

பயிற்சி மெட்டில் தொடங்குவதில்லை. முதலில் தாளத்துக்கு வரிகளைப் பேசிப் பழக வேண்டும். ஈற்று மெய்யெழுத்துகள் எல்லாம் காதில் விழுந்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். மூச்சு எடுக்கும் இடங்களை ஏட்டிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் மூச்சைத் தவறவிட்டால் அடுத்த அடியின் கடைசிச் சொற்கள் கரைந்துபோகும். தாடை இறுகினாலும் அதே கதிதான். வேலை நாநுனிக்கும் இதழுக்கும் உரியது. வாத்தியம் ஓங்கினால் சொல் மூழ்கும் என்பதால் சல்லிவன் இவ்விடங்களில் பின்னணி இசையை மெலிதாகவே அமைத்தார்.

‘வேகப்பாட்டு’ என்று பெயர்த்தால் பாதிப் பொருள்தான் வரும். எவ்வளவு விரைந்தாலும் சொல் சிதையாமல் ஓடுவதே இங்கே கலை. அதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: முடுகு. தொல்காப்பியம் எண்ணும் இருபது வண்ணங்களில், அதாவது செய்யுளின் ஓசை வகைகளில், இறுதியானது முடுகு வண்ணம். குறில்கள் அடுக்கி ‘தனதன தனதன’ என விரையும் திருப்புகழ் அடிகளைப் பாடியவர்களுக்கு அதன் ஓட்டம் தெரியும். ஆகவே பாட்டு ‘முடுகுப் பாட்டு’, பாடுபவர் ‘முடுகுப் பாடகர்’. ஆனால் திருப்புகழின் முடுகு சந்தத்தில் பிறப்பது; ஓபரெட்டாவின் முடுகுக்கு நகைச்சுவையே உயிர். முதன்முறை எழுதும்போது ‘நகை முடுகு’ என்று சேர்த்து எழுதினால் குழப்பம் வராது.