புகிமி: 'ஒரு மாதிரியா இருக்கு' என்பதன் ஜப்பானியப் பெயர்

ஜப்பானியத் திகில் காமிக்ஸ் ஒன்றைப் படித்து முடித்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். "பயமா இருந்துச்சு" என்பவர்கள் குறைவு. "என்னவோ ஒரு மாதிரியா இருக்கு" என்பார்கள். என் தம்பியிடம் திகில் காமிக்ஸ் வரைகிற இட்டோ ஜுன்ஜியின் 'உசுமாக்கி'யைக் கொடுத்தபோது அவனும் இதையேதான் சொன்னான், சொன்ன கையோடு அதே பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தான். அந்த 'ஒரு மாதிரி'க்கு ஜப்பானிய மொழியில் சரியான சொல் ஒன்று இருக்கிறது: புகிமி. 'பு'வைப் புத்தர் என்பதில் வருகிற 'பு' மாதிரியும், 'கி'யைக் கிளியில் வருகிற 'கி' மாதிரியும் சொல்ல வேண்டும்.

இதை எழுதும்போது மூன்று சித்திர எழுத்துகள். முதலாவது 'இல்லை', 'அல்ல' என்ற எதிர்மறை. இரண்டாவது 'கி', அதாவது மூச்சு, ஆவி, மனநிலை. மூன்றாவது 'மி', அதாவது சுவை. பின்னிரண்டும் சேர்ந்த 'கிமி' என்பதற்குப் பழைய பொருள் வாசனையும் சுவையும், அப்புறம் அது ஒன்றைப் பார்த்ததும் நம் உடம்பில் உண்டாகும் உணர்வைக் குறிக்க வந்தது. அந்த உணர்வு கெட்டுப்போய், வாயில் வைத்ததும் ருசி சரியில்லை என்று நாக்குக்குத் தெரிந்துவிடுவதுபோல மனசுக்குத் தெரிகிறதே, அதுதான் புகிமி. 'கிமி கா வாருய்' என்று இன்னொரு வழக்கும் உண்டு, சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கிமி மோசம்'. தெருவில் யாராவது முறைத்துப் பார்த்தாலும், பழைய வீட்டின் மாடிப்படி இருட்டாக இருந்தாலும் ஜப்பானியர்கள் அதைத்தான் சொல்வார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், இதே 'கிமி' ஒட்டாக வரும்போது 'கிமி'யின் முதல் எழுத்து மெலிந்து ஒலித்து, 'லேசாக அந்த மாதிரி' என்று பொருள் தருவது. சளி பிடிக்கிற மாதிரி இருந்தால், சளிக்கான 'காசே' என்ற சொல்லோடு அதை ஒட்டிவிடுவார்கள். இன்னும் சளி இல்லை, ஆனால் தொண்டையில் ஏதோ தெரிகிறது. நாம் 'ஒரு மாதிரி' என்பதில் உள்ள 'மாதிரி'யும் இதே வேலையைத்தான் செய்கிறது, எதைப்போல என்று சொல்லாமலே நிறுத்திவிடுகிறோம். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே இடத்தில் போய் நிற்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

பயத்துக்கு ஜப்பானிய மொழியில் வேறு சொற்களும் இருக்கின்றன. 'கோவாய்' என்றால் நேரடியான பயம். உமேசு கசுவோ 1965-இல் சிறுமிகளுக்கான பத்திரிகையில் வரைந்த பாம்புப் பெண் கதைக்கு 'அம்மாவைக் கண்டால் பயம்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார், அதில் இருப்பது இந்தக் கோவாய்தான். 'குரோ' என்பது 'குரொட்டெஸ்க்' என்ற மேலைச் சொல்லின் வெட்டிய வடிவம், ரத்தமும் சிதைந்த உடம்புமாக இருப்பவற்றுக்கு. 1920, 30-களில் காமமும் கோரமும் அபத்தமும் கலந்த ஒரு ரசனை ஜப்பானில் பரவியபோது புழக்கத்துக்கு வந்தது. புகிமி இந்த இரண்டுக்கும் முந்தைய கட்டம். பேய் இன்னும் வரவில்லை, கத்தி இன்னும் எடுக்கப்படவில்லை, ஆனால் அறையில் ஏதோ மாறியிருக்கிறது.

'உசுமாக்கி'யின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-99-இல் தொடராக வந்த கதை இது. கிரியே என்ற பள்ளி மாணவி ஒரு சந்து வழியாகப் போகிறாள். அவள் நண்பன் ஷுயிச்சியின் அப்பா அங்கே சுவரோரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டால் திரும்பவில்லை. சுவரில் ஒட்டியிருக்கும் நத்தையின் ஓட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் காட்சி. நத்தை பார்ப்பது குற்றமா? ஆனால் ஒரு பெரிய மனுஷர், வேலைக்குப் போகிறவர், பகல் வேளையில் அப்படிப் பார்க்கிறார் என்றதும் நம் வயிற்றில் ஏதோ நெளிகிறது. பின்னால் அவர் ஒரு வட்டமான மரத்தொட்டிக்குள் தன் உடம்பையே சுருட்டிக்கொண்டு கிடக்கும் படம் வருகிறது, பலருக்கும் ஞாபகம் நிற்பது அதுதான். என்னைக் கேட்டால் அந்தச் சந்துதான் புகிமி, தொட்டி அதன் விளைவு.

உசுமாக்கி என்றால் சுழி. மாட்டுக்குச் சுழி பார்த்து வாங்கும் ஊர்க்காரனுக்கு, பிள்ளைகளின் தலைச்சுழியை எண்ணிப் பேசும் வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்தத் தலைப்பே கொஞ்சம் சிலிர்க்கும். ஜப்பானியச் சிரிப்புக் காமிக்ஸில் கன்னத்தில் சுழி போட்டால் அது வேடிக்கையான, இதமான அடையாளம். அதையே வேறு விதமாக வரைந்தால் பயமுறுத்தலாம் என்று தோன்றியதாக இட்டோ சொல்லியிருக்கிறார். எல்லோர் வீட்டிலும் இருக்கிற, யாரையும் எதுவும் செய்யாத ஒரு கோட்டை எடுத்து அதன் சுவையைக் கெடுத்துவிடுகிறார். நான் அதைப் படித்த இரவில் கட்டிலடியில் கொசுவர்த்தி புகைந்துகொண்டிருந்தது. அந்தச் சுருளும் 1902-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பொருள்தான். அன்று அதை அணைத்துவிட்டு மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டு படுத்தேன்.

சரி, இதைப் படம் எப்படிச் சாதிக்கிறது? ஜப்பானியக் காமிக்ஸை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், ஆகவே விரித்த புத்தகத்தின் இடது பக்கக் கடைசிக் கட்டத்தில் நம் கண் வந்து நிற்கும். அந்தக் கட்டத்தில் யாரோ ஒருவர் எதையோ பார்த்து வாய் பிளந்து நிற்பார், எதை என்று காட்டமாட்டார்கள். பக்கத்தைத் திருப்புவது நம் கை. திருப்பினால் முழுப் பக்கத்துக்கு அந்தப் படம். சினிமாவில் கண்ணை மூடிக்கொண்டாலும் காட்சி ஓடிப் போய்விடும், இங்கே நாம் திருப்பாமல் எதுவும் நடக்காது, திருப்பியபின் அது நகரவும் நகராது. இட்டோவின் முழுப் பக்கங்களில் மெல்லிய கோடுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தோலாகவும் முடியாகவும் மாறுகின்றன. அவர் முன்பு பல் செட் செய்து கொடுக்கும் தொழில்நுட்பராக இருந்தவர், அந்தக் கைப்பொறுமை கோட்டில் தெரிகிறது. அருவருத்துக்கொண்டே அந்த வேலைப்பாட்டை ரசிக்கிறோம். என் தம்பி மறுபடி பக்கத்தைத் திறந்தானே, அதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

புகிமி காமிக்ஸோடு நிற்கவில்லை. 1970-இல் மோரி மசாஹிரோ என்ற ரோபோப் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். ரோபோ மனிதனைப்போல ஆக ஆக நமக்கு அதன்மேல் ஒட்டுதல் கூடுகிறது, ஏறக்குறைய மனிதன் என்று ஆகும்போது திடீரென்று அந்த ஒட்டுதல் பள்ளத்தில் விழுகிறது என்றார். அந்தப் பள்ளத்துக்கு அவர் வைத்த பெயர் 'புகிமி நோ தானி', புகிமிப் பள்ளத்தாக்கு. அவர் தந்த உதாரணம் செயற்கைக் கை: பார்க்க நிஜக் கை, நகமும் நரம்பும் இருக்கிறது, கைகுலுக்கினால் எலும்பில்லாத சில்லிட்ட பிடி. உளப்பகுப்பாய்வாளர் பிராய்டு 1919-இல் இதே உணர்வைப் பற்றி எழுதிய ஜெர்மன் கட்டுரையின் தலைப்பையும் ஜப்பானியத்தில் புகிமி என்ற சொல்லால்தான் பெயர்க்கிறார்கள். 'உன்ஹைம்லிஷ்' என்ற அந்த ஜெர்மன் சொல்லும் எதிர்மறையில் தொடங்குவதுதான், உள்ளே வீடு என்ற வேர் இருக்கிறது.

இனி தமிழுக்கு வருவோம். இந்தக் கதைகளைத் 'திகில் கதை' என்று எழுதுகிறோம், பெயருக்குச் சரி, ஆனால் திகில் சட்டென்று தூக்கிவாரிப் போடுவது. 'பயங்கரம்' பயத்தைச் செய்வது என்ற வடசொல், விபத்துக்கும் வெயிலுக்கும்கூடச் சொல்லித் தேய்ந்துவிட்டது. 'அமானுஷ்யம்' என்றால் மனிதத் தன்மை அல்லாதது, ஆனால் நத்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிற அப்பா மனிதர்தானே. 'அருவருப்பு' குரோவுக்குப் பொருந்தும். 'ஒவ்வாமை' புகிமிபோலவே எதிர்மறைச் சொல், ருசியோடும் சேரும், நான் கொஞ்ச நாள் அதையே பயன்படுத்தலாம் என்று இருந்தேன். ஆனால் இன்று அதைக் கேட்டால் எல்லோருக்கும் தும்மலும் தடிப்பும்தான் ஞாபகம் வரும்.

எனக்குச் சரியாகப் படுவது மருள். மருட்சி என்றும் சொல்லலாம். 'மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், 'அரண்டவன்' என்றும் சொல்வது உண்டு. மான் மருண்டு பார்க்கும், கோயிலில் மருள் வந்து ஆடுவார்கள், பொழுது மயங்கும் நேரத்தை மருள்மாலை என்பார்கள். மயக்கம், வியப்பு, ஆவேசம், பேய், ஒன்றை வேறொன்றாக உணர்தல் எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. வள்ளுவர் 'பொருளல்ல வற்றைப் பொருளென் றுணரும் மருள்' என்கிறார். அவர் பேசுவது மெய்யுணர்வைப் பற்றி, பேயைப் பற்றி அல்ல. இருந்தாலும் வெறும் நத்தை ஓட்டைப் பெரும் பொருளாக எடுத்துக்கொண்ட அந்த மனிதரை இதைவிடத் துல்லியமாக எப்படிச் சொல்வது?

இன்னும் பின்னால் போனால் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் அச்சம் வேறு, மருட்கை வேறு என்று தனித்தனியாகவே இருக்கின்றன. அச்சத்துக்கு நிலைக்களம் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அதாவது பேயும் புலியும் திருடனும் அரசனும், எல்லாம் வெளியிலிருந்து வருபவை. மருட்கைக்கு வேறு நான்கு: 'புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே.' இதுவரை காணாதது, அளவுக்கு மீறிப் பெரியது, அளவுக்கு மீறிச் சிறியது, ஒன்று இன்னொன்றாக ஆவது. நம் அறிவுக்குப் பிடிபடாததால் வருவது என்பதைத்தான் 'மதிமை சாலா' என்ற தொடர் சொல்கிறது. மருட்கையை உரைகளில் வியப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கடைசி 'ஆக்கம்' இருக்கிறதே, மனிதன் நத்தையாவதும், கூந்தல் தானாகச் சுருண்டு எழுவதும், இட்டோவின் பாதிக் கதைகளும் அதற்குள் அடங்கும். சுவை கெட்ட வியப்பு என்று புகிமிக்குப் பொருள் சொன்னால் அது தமிழ் மரபுக்கு அந்நியமாகவே இருக்காது.

ஒரு பாத்திரத்துக்கு மட்டும் எனக்கு மருள் போதவில்லை. 1987-இல் இட்டோ அறிமுகமான கதையின் நாயகி தொமியே, கொல்லக் கொல்லத் திரும்பி வருகிற அழகி, பார்க்கும் ஆண்கள் பித்துப் பிடித்து அவளையே வெட்டுவார்கள், வெட்டிய துண்டிலிருந்து மறுபடி முளைப்பாள். அவளுக்கு நம்மிடம் பழைய சொல் தயாராக இருக்கிறது, அணங்கு. 'அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ' என்று குறள் தடுமாறுவது காதலில்தான், ஆனால் அந்தத் தடுமாற்றத்தில் அழகும் ஆபத்தும் பிரியாமல் இருக்கின்றன.

ஆகவே எழுதும்போது நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: புகிமி என்றால் மருட்சி, இந்த வகைக் காமிக்ஸுக்கு மருட்சிப் படக்கதை, மோரியின் பள்ளத்தாக்குக்கு மருட்சிப் பள்ளம், குரோவுக்குக் கோரம். பேச்சில் 'ஒரு மாதிரி'யே போதும், அதைத் திருத்த வேண்டிய அவசியம் இல்லை. அமிகாரா மலைப்பிளவு பற்றிய இட்டோவின் சிறுகதையை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது இதைச் சோதித்துப் பார்க்கலாம். நிலநடுக்கத்தில் மலை பிளக்கிறது, பிளவின் முகத்தில் மனித உருவத்தில் நூற்றுக்கணக்கான துளைகள், ஒவ்வொருவரும் தன் உருவத்துக்கென்றே வெட்டிய துளையைத் தேடி வருகிறார்கள், கண்டுபிடித்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைகிறார்கள். யாரும் அவர்களைத் தள்ளவில்லை.