புற்றுநோய் செல் செத்தது சரி, கொன்றது எது?

ஆய்வகத் தட்டில் வளரும் புற்றுநோய் செல்லைக் கொல்வது பெரிய வித்தை இல்லை. உப்பு கூடினால் சாகும், அமிலம் கூடினால் சாகும், அது வளரும் ஊட்டத் திரவமான ஊடகத்தை மாற்றாமல் சில நாள் விட்டாலே வாடத் தொடங்கும். அதனால்தான் "நல்ல பாக்டீரியா பெருங்குடல் புற்றுநோய் செல்களை அழித்தது" என்ற செய்தி கைப்பேசியில் சுற்றும்போது, செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை செய்கிற எங்களுக்கு அதில் போட்டிருக்கும் சதவீதத்தின் மீது கண் போவதில்லை. கொன்றது எது என்றுதான் தேடுகிறோம். பாக்டீரியா சுரந்த மூலக்கூறா, வெறும் புளிப்பா, பட்டினியா?

இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடிய ஆய்வுகள் உண்டு. கேள்வியே எழாமல் முடிந்துபோனவையும் உண்டு. செய்தியாக வரும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. சிகிச்சையில் இருப்பவரின் குடும்பத்தார், "கீமோவோடு இந்த பாக்டீரியா கேப்ஸ்யூலையும் கொடுக்கலாமா? கீமோவுக்குப் பதிலாகவே கொடுத்துவிடலாமா?" என்று கேட்கும்போதுதான் அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று உறைக்கிறது.

அதற்காக, இது ஆராயவே தகுதியில்லாத விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். 2022-ல் உலகெங்கும் 19 லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய 9 லட்சம் பேர் இறந்தார்கள். அந்தக் கட்டிகள் முளைக்கும் இடமோ, உடலிலேயே பாக்டீரியா மிக அடர்த்தியாக வாழும் இடம். வாயில் சாதாரணமாகக் காணப்படும் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற பாக்டீரியா பெருங்குடல் கட்டிகளில் அதிகமாக இருப்பதை இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டறிந்து 2012-ல் வெளியிட்டன. நோய்க்குத் துணைபோகும் பாக்டீரியா இருந்தால், தடுக்கும் பாக்டீரியாவும் இருக்கலாம் அல்லவா? நியாயமான யோசனைதான். சிக்கல், அதைச் சோதிக்கும் முறையில் இருக்கிறது.

வழக்கமான சோதனை இப்படிப் போகும். 1964-ல் ஒரு பெண்ணின் பெருங்குடல் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு இன்றுவரை உலகெங்கும் வளர்ந்துகொண்டிருக்கும் எச்டி-29 செல்களைத் தட்டையான பிளாஸ்டிக் தட்டில் பரப்பி வளர்ப்பார்கள். எச்சிடி-116, காக்கோ-2 ஆகிய பெருங்குடல் புற்றுநோய் செல் வகைகளும் இதேபோல் பழகிய முகங்கள். இன்னொரு பக்கம், "நல்ல பாக்டீரியா" என்று விற்கப்படும் லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியாவை அதற்குரிய திரவ ஊடகத்தில் இரவு முழுக்க வளர்த்து, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தினால், பாக்டீரியா நீங்கிய தெளிந்த திரவம் கிடைக்கும். அதைச் செல்களின் மீது விடுவார்கள்.

விட்ட கணமே தெரியும். செல் ஊடகத்தில் ஃபீனால் ரெட் என்ற சாயம் கலந்திருப்பதால் அது வழக்கமாக வெளிர்சிவப்பாக இருக்கும். அந்தத் திரவம் கலந்ததும், அளவு சற்று கூடினாலே, கண்ணெதிரே மஞ்சளாகிவிடும். லாக்டோபேசில்லஸ் தன் வேலையைச் செய்திருக்கிறது: சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக்கியிருக்கிறது. புளிப்பை அளக்கும் எண் பி.எச்.; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். செல்களுக்குத் தேவையான பி.எச். அளவு 7.4. இரவு முழுக்க வளர்ந்த பாக்டீரியா திரவத்தின் அளவு 4-ஐ ஒட்டி இருக்கும். மறுநாள் செல்கள் செத்துக் கிடந்தால் அதில் வியக்க என்ன இருக்கிறது? அதே அளவு லாக்டிக் அமிலத்தைக் கடையில் வாங்கி ஊற்றியிருந்தாலும் சாகுமே!

ஆகவே தட்டில் செல்கள் வளரும் குழிக்குப் பக்கத்திலேயே, ஒப்பிட வேறு சில குழிகள் வேண்டும். பாக்டீரியா வளராத வெறும் ஊடகம் ஊற்றிய குழி. அதே பி.எச். வரும்வரை லாக்டிக் அமிலம் சேர்த்த குழி. பாக்டீரியா திரவத்தையே 7.4-க்குத் திருப்பிச் சமன்செய்து ஊற்றிய குழி. புரோபயாடிக் (நன்மை தரும் என்று உட்கொள்ளப்படும் உயிருள்ள நுண்ணுயிர்) அல்லாத சாதாரண பாக்டீரியா ஒன்றின் திரவம் ஊற்றிய குழி. இவை எல்லாவற்றையும் தாண்டி ஒரு விளைவு மிஞ்சினால்தான் பேச ஏதோ இருக்கிறது. மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தக் கட்டுப்பாட்டுக் குழிகளைத்தான்; முடிவுகளை அப்புறம் பார்க்கலாம்.

உயிருள்ள பாக்டீரியாவை நேரடியாகச் சேர்த்தால் கதை இன்னும் சிக்கலாகும். புற்றுநோய் செல் ஒன்று இரண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பாக்டீரியாவுக்கு ஒரு மணி நேரம் தாராளம். மாலையில் சேர்த்துவிட்டுக் காலையில் இன்குபேட்டரைத் திறந்தால் குழி கலங்கி நிற்கும், சர்க்கரை தீர்ந்திருக்கும், செல்கள் பட்டினியில் மிதந்துகொண்டிருக்கும். இதைத் தவிர்க்கச் சில மணி நேரம் மட்டும் சேர்த்து வைத்து, பிறகு கழுவி, எஞ்சிய பாக்டீரியாவை ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கால் அழிப்பது ஒரு வழி. வெப்பத்தில் கொன்ற பாக்டீரியாவைப் பயன்படுத்துவது இன்னொரு வழி. நேர்மாறான கோளாறும் உண்டு. செல் வளர்ப்பு ஊடகத்தில் பாக்டீரியாவைக் கொல்லும் பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் வழக்கமாகவே கலந்திருக்கும். அதை நீக்காமல் சோதித்தால், "உயிருள்ள புரோபயாடிக்" என்று கட்டுரையில் எழுதப்படுவது குழிக்குள் பிணமாக இருக்கலாம்.

அளக்கும் முறையிலும் பொறி இருக்கிறது. எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும். ஊதாவின் அடர்த்தியை வைத்து எத்தனை செல் பிழைத்திருக்கிறது என்று கணக்கிடுவோம். அந்த மாற்றத்தை பாக்டீரியாவும் செய்யும். சரியாகக் கழுவாத குழியில், செத்த செல்களின் மேல் பாக்டீரியா உட்கார்ந்துகொண்டு "எல்லோரும் நலம்" என்று காட்டிக்கொண்டிருக்கும்.

இனி முப்பரிமாண வளர்ப்புக்கு வருவோம். தட்டையான தட்டில் ஒவ்வொரு செல்லுக்கும் உணவும் ஆக்சிஜனும் மருந்தும் சம பங்காகக் கிடைக்கும். எந்தக் கட்டியும் அப்படி வாழ்வதில்லை. செல்கள் ஒட்டாத பூச்சுள்ள, அடிப்பக்கம் கிண்ணம்போல் குழிந்த குழிகளில் சில ஆயிரம் செல்களை இட்டால், ஒட்ட இடமில்லாமல் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சில நாட்களில் உருண்டையாகத் திரளும். ஸ்பீராய்டு என்கிறோம். விட்டம் அரை மில்லிமீட்டரை எட்டும்போது அதற்குள் மூன்று அடுக்குகள் உருவாகிவிடும்: வெளியே வேகமாகப் பெருகும் செல்கள், நடுவே பெருகாமல் முடங்கிக் கிடப்பவை, மையத்தில் செத்தவை. ஆக்சிஜன் திசுவுக்குள் 100 முதல் 200 மைக்ரான் வரைதான் ஊடுருவும் என்பதால் இப்படி ஆகிறது. பெருகும் செல்களையே முக்கியமாகத் தாக்கும் 5-ஃப்ளூரோயூராசில் போன்ற கீமோ மருந்துக்கு நடு அடுக்கு எளிதில் சிக்குவதில்லை. உருண்டையின் உட்புறம் ஏற்கெனவே அமிலத்தன்மை கூடிய இடமும்கூட. தட்டையான தட்டில் பிரமாதமாகத் தெரிந்த பாக்டீரியா திரவம் உருண்டையின் முன்னால் சாதுவாகிப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆய்வாளருக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் சோதனை தன் வேலையைச் செய்கிறது.

உருண்டையைக் கையாள்வது பொறுமையைக் கேட்கும். சாதாரண பிப்பெட் முனையின் குறுகிய வாயில் உறிஞ்சினால் சிதைந்துவிடும். முனையை வெட்டி வாயை அகலமாக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். ஊடகம் மாற்றும்போது கொஞ்சம் அவசரப்பட்டால் உருண்டையே கழிவுக் குடுவைக்குள் போய்விடும்.

ஒரு படத்தைப் பற்றிக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்திகளில் அதைத்தான் போடுகிறார்கள். உயிருள்ள செல் பச்சையாகவும் செத்த செல் சிவப்பாகவும் ஒளிரும்படி சாயம் ஏற்றிய உருண்டையின் படம். பச்சை வளையத்துக்கு நடுவே செக்கச்செவேல் என்று ஒரு மையம். பார்த்தவுடன் "உள்ளே புகுந்து கொன்றுவிட்டது" என்று தோன்றும். எதுவும் சேர்க்காத பெரிய உருண்டைக்கும் மையம் சிவப்பாகத்தான் இருக்கும். பக்கத்தில் சேர்க்காததன் படம் இல்லையென்றால் அந்தச் சிவப்பை நம்ப வேண்டாம். அளவும் அப்படித்தான்: உருண்டை சுருங்கினால் மருந்து வேலை செய்தது என்று எண்ணத் தோன்றும், ஆனால் வெளியடுக்கு தளர்ந்து செல்கள் உதிரும்போது அது பெரிதாகவும் தெரியும்.

ஸ்பீராய்டுக்கு ஒரு அடிப்படைக் குறை உண்டு. அது குடல் அல்ல. குடலில் பாக்டீரியா உள்வெளியில், அதாவது குடல் குழாயின் உள்ளே இருக்கும் வெற்றிடத்தில், வாழ்கிறது. அதற்கும் செல்லுக்கும் நடுவே சளிப் படலம் இருக்கிறது. உருண்டைக்கு உள்வெளியும் இல்லை, சளியும் போதாது. இந்த இடத்தில்தான் ஆர்கனாய்டு வருகிறது. நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகத்தில் தோஷிரோ சாத்தோவும் சகாக்களும் 2009-ல் எலிக் குடலின் ஒற்றைத் தண்டு செல்லிலிருந்து (மற்ற வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) குட்டிக் குடல் போன்ற அமைப்பை வளர்த்துக் காட்டினார்கள். பிறகு நோயாளிகளின் கட்டித் திசுவிலிருந்தும் இப்படி வளர்க்க முடிந்தது.

ஆனால் ஆர்கனாய்டின் உள்வெளி மூடிய பையைப்போல் நடுவில் இருக்கும். நாம் சுற்றிலும் ஊற்றும் பாக்டீரியா, உடலில் இரத்தத்தைப் பார்த்திருக்க வேண்டிய முதுகுப் பக்கத்தைத்தான் தொடுகிறது. சரியான பக்கத்தைத் தொட வேண்டுமானால் மெல்லிய கண்ணாடி ஊசியால் உள்ளே செலுத்த வேண்டும், அல்லது ஆர்கனாய்டையே உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வளர்க்க வேண்டும். இரண்டுமே சாத்தியம்தான், இரண்டுமே கைவலிக்கும் வேலை. எந்தப் பக்கம் தொட்டது என்று சொல்லாத கட்டுரையை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

ஊசி முறை என்ன தரும் என்பதற்கு 2020-ல் வெளியான ஓர் ஆய்வே சாட்சி. கோலிபாக்டின் என்ற நச்சைச் சுரக்கும் இ. கோலை பாக்டீரியாவை மனிதக் குடல் ஆர்கனாய்டுகளுக்குள் ஐந்து மாதங்களில் திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்த்தார்கள். செல்களின் டி.என்.ஏ.வில் தனித்த ஒரு தடம் பதிந்தது. அதே தடம் பெருங்குடல் புற்றுநோயாளிகள் சிலரின் கட்டிகளிலும் இருந்தது. இதில் நெருடலான விஷயம் ஒன்று: 1917-ல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃப்ரெட் நிஸில் பிரித்தெடுத்த, இன்றும் புரோபயாடிக்காக விற்கப்படும் இ. கோலை நிஸில் 1917 என்ற திரிபிடமும் (ஒரே இனத்துக்குள் தனித்த ஒரு வகை) கோலிபாக்டினுக்கான மரபணுத் தொகுதி இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் வருகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் "நல்ல பாக்டீரியா" என்று மொத்தமாக ஒரு கூட்டத்துக்குப் பெயர் சூட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

கவனமாகச் செய்யப்பட்ட வேலைகளும் இருக்கின்றன. 2016-ல் ஜப்பானியக் குழு ஒன்று லாக்டோபேசில்லஸ் கேசியின் திரவத்தைப் பிரித்துப் பிரித்து ஃபெரிக்குரோம் என்ற மூலக்கூறுவரை போய்ச் சேர்ந்தது. 2022-ல் ஹாங்காங் குழு லாக்டோபேசில்லஸ் கேலினாரமைப் புற்றுநோய் செல்கள், சாதாரணக் குடல் செல்கள், நோயாளிகளின் ஆர்கனாய்டுகள், எலிகள் என்று வரிசையாகச் சோதித்து, இண்டோல்-3-லாக்டிக் அமிலம் என்ற மூலக்கூறை முக்கியக் காரணமாகச் சுட்டியது. "கொன்றது எது?" என்ற கேள்விக்கு இரண்டிலும் ஒரு பெயர் கிடைத்தது. பெயர் கிடைத்தால்தான் அடுத்த ஆய்வகம் அதைச் சரிபார்க்க முடியும்.

இவ்வளவும் தாண்டி வந்தாலும் மனித உடல் வேறு. குழியில் ஒரு செல்லுக்கு நூறு பாக்டீரியா என்ற விகிதத்தில் நேரடியாக மோதவிடலாம். ஒரு கேப்ஸ்யூலில் 1,000 கோடி பாக்டீரியா இருந்தாலும், உள்ளே ஏற்கெனவே ஏறக்குறைய 38 லட்சம் கோடி குடியிருக்கிறது. ஜப்பானில் கட்டிகள் அகற்றப்பட்ட 398 பேரை வைத்து லாக்டோபேசில்லஸ் கேசியையும் கோதுமைத் தவிட்டையும் நான்கு ஆண்டுகள் சோதித்த ஆய்வு 2005-ல் வெளியானது. புதிய கட்டிகள் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை; பாக்டீரியா எடுத்தவர்களிடம் செல் மாற்றம் முற்றிய கட்டிகள் குறைந்திருந்தன. ஊக்கம் தரும் முடிவு. சிகிச்சை என்று சொல்லப் போதாது.

கீமோ எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. வெள்ளணுக்கள் குறைந்த நிலையில், குடல் சுவர் புண்ணாகியிருக்கும்போது, அல்லது மைய இரத்தக்குழாயில் குழாய் பொருத்தியிருக்கும்போது, கேப்ஸ்யூலில் இருந்த லாக்டோபேசில்லஸோ சாக்கரோமைசிஸ் ஈஸ்ட்டோ இரத்தத்தில் கலந்து தொற்றான நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனால் அந்த நிலையில் இருப்பவருக்கு ஆபத்தானது. நோயெதிர்ப்புச் சிகிச்சை பெற்ற மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகளைப் பற்றிய 2021-ஆம் ஆண்டு ஆய்வில், நார்ச்சத்து போதுமான அளவு உண்டு புரோபயாடிக் எடுக்காதவர்களிடமே சிகிச்சையின் பலன் சிறப்பாக இருந்தது. அது வேறு புற்றுநோய். இருந்தாலும் "எடுத்தால் நல்லது, எடுக்காவிட்டால் நஷ்டமில்லை" என்ற பேச்சை அது அசைத்துவிட்டது.

மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப் பழக்கம், காரணம் தெரியாத இரத்தசோகை ஆகியவற்றுக்கு கேப்ஸ்யூல் விடையல்ல. மலப் பரிசோதனையும், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனாஸ்கோப்பியும் வேண்டும். சாதாரண குடல் கட்டி புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டு அளவில் ஆகும். அதற்குள் கண்டு அகற்றிவிட்டால் அது புற்றாகாது.

ஏற்கெனவே புரோபயாடிக் எடுத்துக்கொண்டிருந்தால், புற்றுநோய் மருத்துவரிடம் பெட்டியையே கொண்டுபோய்க் காட்டுங்கள். பாக்டீரியாவின் பெயருக்குப் பின்னால் ஜிஜி என்றோ நிஸில் 1917 என்றோ ஒரு குறியீடு இருக்கும். அதுதான் திரிபின் அடையாளம். ஆய்வு முடிவுகள் அந்தத் திரிபுக்கு மட்டுமே பொருந்தும். பெட்டியில் அந்தக் குறியீடே இல்லையென்றால், உள்ளே இருப்பது எது என்று மருத்துவராலும் சொல்ல முடியாது.