வாளிக்குப் பொருந்தாத பழமொழி

"நிறைகுடம் தளும்பாது என்பது வெறும் புத்திமதியா, அதில் அறிவியல் ஏதாவது உண்டா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்டு. ஆனால் குடத்துக்கு மட்டும். வாளியில் விளிம்புவரை தண்ணீர் பிடித்து மாடிப்படி ஏறிப் பாருங்கள், முழங்காலுக்குக் கீழே நனைந்துவிடும். அதுவும் நிறைந்ததுதானே?

ஊஞ்சலுக்கு ஓர் இயல்பான தாளம் உண்டு என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தத் தாளத்தோடு சேர்ந்து தள்ளினால் ஆட்டம் பெருகும். பாத்திரத்துத் தண்ணீரும் அப்படித்தான், ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். அதன் தாளத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தண்ணீரின் எடை அல்ல, மேற்பரப்பின் அகலம். அகலமான பரப்பு மெதுவாக ஆடும். குறுகிய பரப்பு படபடவென்று ஆடும்.

இனி குடத்தின் வடிவத்தைப் பாருங்கள். பாதி நிரம்பினால் நீர்மட்டம் வயிற்றுப்பகுதியில், சுமார் 30 செ.மீ. அகலத்தில் நிற்கும். கணக்குப் போட்டால் நொடிக்கு ஏறத்தாழ 1.7 ஆட்டம். நாம் நடப்பதோ நொடிக்கு இரண்டு எட்டுக்குக் கொஞ்சம் குறைவு! ஒவ்வோர் எட்டும் ஊஞ்சலைத் தள்ளுவதுபோல் ஆகிவிட, குறைகுடம் கூத்தாடுகிறது. அதே குடத்தைக் கழுத்துவரை நிரப்பினால் பரப்பு 10 செ.மீ. ஆகச் சுருங்கும், ஆட்டம் நொடிக்கு மூன்றாக எகிறும். நடையின் தாளம் அதோடு ஒட்டாது. தண்ணீர் சும்மா இருக்கும். வாளிக்குக் கழுத்து இல்லை, பாவம்.

உடனே "நம் முன்னோர் அதிர்வெண் கணக்கு அறிந்திருந்தார்கள்" என்று கிளம்ப வேண்டாம். தினமும் தண்ணீர் சுமந்த பெண்கள் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

நடக்கும்போது காபி ஏன் சிந்துகிறது என்று ஆராய்ந்தவர்களுக்கு 2012இல் இக் நோபல் பரிசு (முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படுவது) கிடைத்தது. இந்த ஆய்வுக்கெல்லாமா பணம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் 2007இல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 1 ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டாமல் போனதற்குக் காரணம், மேலடுக்குத் தொட்டியில் உந்துபொருள் தளும்பியது. தண்ணீர் லாரித் தொட்டிக்குள் ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள் இருப்பதும் இதே தொல்லைக்காகத்தான்.

வாளிக்கும் வழி இருக்கிறது. மேலே நாலு வேப்பிலைக் கொத்தை மிதக்கவிடுங்கள். இலைகள் உரசி அலையின் வேகத்தைத் தின்றுவிடும். நன்றாக ஆற்றிய காபியில் அந்த வேலையை நுரை செய்கிறது.